பனிவாடி

இரவு ஒன்றரைக்கு மெஷின் சத்தம் மாறும்.
அச்சைத் தூக்கித் தண்ணீரில் முக்கினால்
கட்டி கழன்று, வழுக்கிக்கொண்டு வரும்.
நான் கொப்பியில் எழுதுவேன்:
லாபிர் காக்காவின் போட், நாற்பது, அரைத்தது.

வாழைச்சேனை ஐஸ் ஃபேக்டரியில்
அந்த நேரம் பார்த்துத்தான் தம்பி எடுப்பான்.
குகநேசனுக்கு அது மத்தியானம்.
விருந்தாளிகள் மலையில் நிற்பார்கள்,
கோப்பைகள் கழுவி முடிந்திருக்கும்.

கனடாவில் றோட்டே போகாத ஓர் உச்சி.
சனிக்கிழமைகளில் ஹெலி வரும்:
பன்னிரண்டு பேர், அவர்களின் சறுக்குப் பலகைகள்,
கோழி, கோவா, நானூறு முட்டை.
போகும்போது போன கிழமை ஆட்களையும்
குப்பையையும் ஏற்றிக்கொண்டு போகும்.
லொட்ஜ் என்கிறான்.
என் வாயில் வாடி என்றுதான் வருகிறது.
பாதை முடிந்த இடத்தில் ஆள் தங்கினால்
வேறு என்ன பெயர்?

முதல் சனிக்கிழமை ஹெலி இறங்கையில்
மேசைக்குக் கீழே போய்விட்டானாம்,
முட்டைத் தட்டோடு.
ஒன்றுகூட உடையவில்லை அக்கா என்று சிரித்தான்.
நானென்றால் உடைத்திருப்பேன்.

பலகைக்கு அடியில் மயிர்ப்பட்டி ஒட்டுவார்கள்,
முன்னுக்குப் போகும், பின்னுக்கு வழுக்காது.
நாலு மணித்தியாலம் ஏறி
எட்டு நிமிடத்தில் இறங்குவார்கள்.
"இதுக்கா காசு குடுக்கிறாங்க?"
"ஓம்."
"எவ்வளவு?"
சொன்னான்.
அதை ஐஸ் கட்டியாக்கிப் பார்த்தேன்.
முப்பத்தேழு போட் நிரம்பியது.

லீவு நாளில் அவனையும் கூட்டிப்போனாளாம்
வழிகாட்டி மாரித்.
வாசலில் நின்று ஒவ்வொருவர் நெஞ்சையும்
கேட்டுத்தான் வெளியே விடுவாள்.
நெஞ்சில் ஒரு சின்னப் பெட்டி,
புதைந்தாலும் கூவிக்கொண்டிருக்கும்.
பழகுவதற்கு ஒரு பையைப் புதைத்தாள்.
தம்பி ஆறாவது நிமிடத்தில் கண்டுபிடித்தான்.
பதினைந்துக்குள் எடுக்கவேணுமாம்.
மறுகா தோண்டுறது வேற வேலை என்றாளாம்.

அதோடு அவன் பேசவில்லை.
நானும் பேசவில்லை.
கல்குடாவில் அந்த ஞாயிறு
அவனுக்குப் பத்து வயது.
எங்கிருந்தோ ஒரு சோத்துக் கரண்டி எடுத்துவந்து
பொழுதுபடும்வரை மணலைக் கிண்டினான்.
கரண்டியைப் பறித்தது நான்தான்.

"அக்கா, லைனில இருக்கியா?"
"ம்."
"நேத்து பாதி மலையில பனி சத்தம் போட்டுச்சு.
வும் எண்டு.
காலுக்குக் கீழ எங்கயோ ஒரு படை உட்காந்தமாதிரி.
மாரித் கையைத் தூக்கினா.
உச்சி அந்தா தெரியுது, வெயில், நல்ல நீலம்.
கிறுகுங்க எண்டா. அவ்வளவுதான்."
"காசு திருப்பிக் கேக்கல்லையா?"
"ஒருத்தரும் கேக்கல்ல.
கிறுகுறதுதான் கஷ்டம் அக்கா.
அந்தப் பலகையோட, சரிவில,
ஒரு காலைத் தூக்கி மற்றப் பக்கம் வைக்கணும்.
நான் ரெண்டுதரம் விழுந்தன்."

மூன்று மணிக்கு லாபிர் காக்கா வந்தார்.
சாரம் நனைந்திருந்தது.
வாடைக்காற்று சரியில்லை புள்ள என்றார்,
நான் போகல்ல.
அரைத்த ஐஸ் முற்றத்தில் கொட்டிக் கிடந்தது.
அரைத்ததைத் திருப்பி எடுப்பதில்லை என்று
சுவரில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது,
எழுதியதும் நான்தான்.
மற்ற ரெண்டு போட்டும் வெளிக்கிடுகின்றன,
காக்கா அதைப் பார்க்காதமாதிரி
வெற்றிலைப் பையைத் துழாவினார்.

நாற்பதை வெட்டினேன்.
மனேச்சர் விடிய வந்து கேட்பார்.
என்ன சொல்வதென்று இன்னும் யோசிக்கவில்லை.

ஆட்கள் போன பிறகு
செருப்போடு அந்தக் குவியலில் ஏறி நின்றேன்,
ஒருதரம்.
வும் என்று ஒன்றும் கேட்கவில்லை.
கால் மட்டும்
மெல்ல இறங்கியது.